இது எப்படி உள்ளே வந்தது?

2021-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், இரண்டாவது சனிக்கிழமை இரவு. கொரோனா காரணமாகப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பதினொரு மணிக்கு மேல் ஆகியும் என் மகன் அறையில் விளக்கு அணையவில்லை. எட்டிப் பார்த்தேன்.

"என்னடா, இன்னும் தூங்கலையா?"

"லாக்4ஜேன்னு ஒரு லைப்ரரிப்பா. அதில பெரிய ஓட்டை கண்டுபிடிச்சிருக்காங்க. எங்க புரோகிராம்ல அது இருக்கா இல்லையான்னு காலைக்குள்ள சொல்லணும்."

"நீங்க எழுதின புரோகிராம்தானே? அதில என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். "நாங்க எழுதினது கொஞ்சம்தான்ப்பா. மீதி எல்லாம் தானா வந்து சேர்ந்தது" என்றான்.

அந்த 'தானா வந்து சேர்ந்தது' என் காதில் நின்றுவிட்டது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கோச் மராமத்துப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஒரு கோச்சுக்குள் எதுவும் தானாக வந்து சேராது, வரக்கூடாது. ஆகவே நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்றிரவு பார்த்ததையும், பிறகு அவனைத் தொந்தரவு செய்து கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் பிள்ளை இல்லாத வீடு குறைவு. அவர்கள் சில ராத்திரிகளில் ஏன் தூங்குவதில்லை என்று பெற்றோருக்கும் தெரியட்டுமே.

முதலில் லைப்ரரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு புரோகிராமுக்குத் தேதியைக் கணக்கிட வேண்டும், பிடிஎஃப் அறிக்கை தயாரிக்க வேண்டும், ஈமெயில் அனுப்ப வேண்டும். இவற்றையெல்லாம் முன்பே யாரோ எழுதி, சோதித்து, பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து நம் புரோகிராமில் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். ஜாவா மொழியில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'மேவன்' என்ற உதவிச் சாதனத்தைப் பயன்படுத்துகிறார்கள். யித்திஷ் மொழிச் சொல்லாம். விஷயம் தெரிந்தவர் என்று அர்த்தம். 'எனக்கு இன்ன லைப்ரரி, இன்ன வெர்ஷன் வேண்டும்' என்று ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் போதும். மேவனே போய் 'மேவன் சென்ட்ரல்' என்ற பொதுக் கிடங்கிலிருந்து எடுத்து வந்துவிடும்.

இதுவரை சரி. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. நாம் கேட்ட லைப்ரரி, தன் வேலைக்கு வேறு லைப்ரரிகளை நம்பியிருக்கும். அவை இன்னும் சிலவற்றை. மேவன் அத்தனையையும் சொல்லாமலே கொண்டுவந்து இறக்கிவிடுகிறது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு ஒருவரை ஏற்பாடு செய்கிறோம். அவர் பரிமாற நாலு பேரைக் கூட்டி வருகிறார். அந்த நாலு பேரில் ஒருவர் 'கை உதவியாக இருக்கட்டும்' என்று தன் மைத்துனனையும் அழைத்து வருகிறார். முகூர்த்தம் முடிந்து பார்த்தால், ஸ்டோர் ரூம் சாவி அந்த மைத்துனன் இடுப்பில் தொங்குகிறது! பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று. யாரும் கேட்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

புரோகிராமிலும் இதே நிலைதான். நாமே அழைத்த லைப்ரரியானாலும், நாலாவது கையாக வந்த லைப்ரரியானாலும், உள்ளே நுழைந்துவிட்டால் அதிகாரம் சமம். புரோகிராம் எந்த ஃபைலைத் தொட முடியுமோ அதையெல்லாம் அதுவும் தொடலாம்.

என் மகனின் ஃபைலில் அவர்கள் குழு எழுதி வைத்திருந்த பெயர்கள் இருபத்திரண்டு. அதில் லாக்4ஜே இல்லை. "இல்லைன்னு எழுதி அனுப்பிட்டுத் தூங்கு" என்றேன். அவன் சிரித்துவிட்டு, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தான். படங்களோ பொத்தான்களோ இல்லாத, தட்டச்சு செய்து மட்டுமே வேலை வாங்கக்கூடிய திரை. கமாண்ட் லைன் என்கிறார்கள். அதில் 'எம்விஎன் டிபென்டென்சி:ட்ரீ' என்று ஒரே வரி அடித்தான். எம்விஎன் என்பது மேவன், டிபென்டென்சி என்றால் சார்ந்திருப்பது, ட்ரீ, மரம். சில விநாடிகளில் திரை முழுவதும் எழுத்து ஓடியது. மொத்தம் 214 வரி. அழைத்தது இருபத்திரண்டு பேரை. பந்தியில் உட்கார்ந்திருந்தது 214 பேர்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியலின் அமைப்பு. வெறும் பெயர் வரிசை இல்லை. யார் யாரை அழைத்து வந்தார் என்பது வம்சாவளி போல, ஒன்றன் கீழ் ஒன்று உள்தள்ளி வருகிறது. ஜாவாக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் ஸ்பிரிங் பூட் என்ற தொகுப்பை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு கிளை இப்படி இருக்கும்:

நம் புரோகிராம்
+- ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர் வெப்
— — +- ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர்
— — — — +- ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர் லாகிங்
— — — — — — +- லாக்4ஜே டூ எஸ்எல்எஃப்4ஜே
— — — — — — — — +- லாக்4ஜே ஏபிஐ

நாம் எழுதியது இதில் இரண்டாவது வரி மட்டும். மற்றவை தானாக வந்தவை. கடைசி வரியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. "இதோ இருக்கே!" என்றேன். "அது இல்லப்பா, அது ஏபிஐ. ஓட்டை இருக்கிறது லாக்4ஜே கோர்ல" என்றான்.

இந்த இடத்தில் அந்த ஓட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாக் என்பது நம் கார்டு எழுதும் ஜர்னல் மாதிரி. வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே ஏன் நின்றது என்று கார்டு எழுதிக்கொண்டே வருவார் அல்லவா? அதேபோல் புரோகிராமும் தன்னிடம் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன தவறு நடந்தது என்று எழுதி வைக்கிறது. அப்படி எழுதித் தரும் லைப்ரரிதான் லாக்4ஜே. அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் தன்னார்வலர்கள் பராமரிப்பது.

இப்போது கற்பனை செய்துகொள்ளுங்கள். பயணி ஒருவர் வந்து 'வண்டியை நிறுத்து' என்றார் என்று கார்டு ஜர்னலில் எழுதுகிறார். எழுதிய மாத்திரத்தில் வண்டி நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? பதிவுதான் செய்தார், உத்தரவு கொடுக்கவில்லை. லாக்4ஜேயில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 2013-இல் அதில் ஒரு வசதி சேர்த்தார்கள். எழுதும் வாசகத்தில் ஒரு குறிப்பிட்ட அடையாளம் இருந்தால், அதில் சொன்ன இடத்துக்குப் போய்த் தகவல் எடுத்து வரும். அந்த இடம் திருடனுடைய கம்ப்யூட்டராக இருந்தால்? அங்கிருந்து திருட்டுப் புரோகிராமை எடுத்து வந்து, ஓட்டியும் விடும். மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி அடித்தாலே எதிர்முனை கம்ப்யூட்டர் வசப்பட்டது. அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் 2021 நவம்பர் 24-ஆம் தேதி இதை அப்பாச்சிக்குத் தெரிவித்தார். டிசம்பர் 9-ஆம் தேதி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இத்தகைய ஓட்டைகளுக்கு ஆபத்து மதிப்பெண் போடுவார்கள். இதற்குப் பத்துக்குப் பத்து.

பதிவு எழுதுவது எல்லா வகைப் புரோகிராமுக்கும் தேவைப்படுகிற வேலை. எனவே அந்த லைப்ரரி எங்கே இல்லை என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பல இடங்களில் அதை யாரும் பெயர் சொல்லி அழைத்திருக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது கையாக உள்ளே வந்திருந்தது. தங்கள் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு 'எங்களிடம் இல்லை' என்று பதில் சொன்னவர்கள் ஏமாந்தது இதனால்தான். நானும் அதைத்தானே சொல்லிக் கொடுத்தேன்!

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஏபிஐ என்பது, எழுது என்று சொல்வதற்கான விண்ணப்பப் படிவம் மாதிரி. கோர்தான் பேனாவைப் பிடித்து எழுதுவது. ஸ்பிரிங் பூட்டில் வழக்கமான ஏற்பாட்டில் படிவம் மட்டும் வரும். எழுதுவது லாக்பேக் என்ற வேறொரு லைப்ரரி. ஆகவே வழக்கமான ஏற்பாட்டை மாற்றாதவர்களுக்கு அந்த வழியாக ஆபத்து இல்லை. ஸ்பிரிங் குழுவினரே அப்போது இதை அறிவித்தார்கள். பெயரில் 'லாக்4ஜே' என்று பார்த்த மாத்திரத்தில் பதறிப்போய் எல்லாவற்றையும் நிறுத்துவதும் தப்பு. மரத்தின் கடைசி வரியை முழுப் பெயரோடும் வெர்ஷன் எண்ணோடும் படிக்க வேண்டும்.

இதைக் கேட்டபோது எனக்கு 1990-களின் கடைசியில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு தயாரிப்பாளரிடமிருந்து வந்த ஆக்சில்களில் ஒரு குறிப்பிட்ட உருக்கு வார்ப்பைச் சேர்ந்தவை சந்தேகத்துக்குரியவை என்று தகவல் வந்தது. கோச்சுக்கு இரண்டு போகி, போகிக்கு இரண்டு ஆக்சில். அந்த ஆக்சில்கள் எந்தெந்த கோச்சில் ஓடுகின்றன? கோச்சுக்கு ஆர்டர் போட்டவருக்கு ஆக்சில் எண் தெரியாது. வீல் ஷாப் ரிஜிஸ்டரில் ஆக்சில் எண் இருக்கும். அது எந்தப் போகிக்குப் போனது என்பது வேறு ரிஜிஸ்டர். போகி எந்தக் கோச்சின் கீழ் போனது என்பது மூன்றாவது ரிஜிஸ்டர். மூன்றையும் விரித்து வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாகத் தேடினோம். மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எங்களுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தத் தேடலைத்தான் மேவன் சில விநாடிகளில் செய்கிறது. முழு மரமும் வேண்டாம், இன்ன லைப்ரரிக்குப் போகும் கிளையை மட்டும் காட்டு என்றும் கேட்கலாம். அதே கட்டளையோடு 'இன்க்ளூட்ஸ்' என்று போட்டு அதன் பெயரைக் கொடுக்க வேண்டும். 214 வரி போய் நாலைந்து வரி நிற்கும். மேல் வரியில் நாம். கடைசி வரியில் குற்றவாளி. நடுவில் கூட்டி வந்தவர்கள்.

இதில் நான் எதிர்பாராத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே லைப்ரரியை இரண்டு பேர் அழைத்து வருகிறார்கள். ஒருவர் பழைய வெர்ஷன், இன்னொருவர் புதியது. மேவன் எதை வைத்துக்கொள்ளும்? புதியதை என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. மரத்தில் நமக்கு அருகில் இருப்பதை வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால், ஃபைலில் முதலில் எழுதப்பட்டவர் வழியாக வந்தது ஜெயிக்கும். ஆக, யாரோ ஒருவர் நல்ல புதிய வெர்ஷனைக் கொண்டுவந்திருந்தும், அருகில் இருக்கும் பழையது உட்கார்ந்துகொள்ளலாம். தோற்றுப்போனவர்கள் சாதாரணமாக மரத்தில் தெரிய மாட்டார்கள். 'வெர்போஸ்' என்று சேர்த்துக் கேட்டால் அவர்களையும் காட்டி, இன்ன காரணத்தால் விடப்பட்டது என்று சொல்லும்.

சரி, குற்றவாளி கிடைத்துவிட்டது. வெளியேற்றுவது எப்படி? மைத்துனனை நேராகப் போய்க் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியாது. நாம் அவரை அழைக்கவே இல்லையே. மூன்று வழி இருக்கிறது. அழைத்து வந்தவரின் புதிய வெர்ஷன் வந்திருந்தால் அதற்கு மாறலாம். 'நீ வா, ஆனால் இன்னாரைக் கூட்டி வராதே' என்று நம் ஃபைலில் எழுதலாம். அல்லது 'யார் அழைத்து வந்தாலும் சரி, இந்த லைப்ரரி என்றால் இந்த வெர்ஷன்தான்' என்று மேலேயே ஓர் உத்தரவு போடலாம். அந்த டிசம்பரில் பெரும்பாலும் மூன்றாவது வழிதான் கை கொடுத்ததாம், ஏனென்றால் திருத்தமே ஒரு தடவையில் முடியவில்லை. 2.15.0 வந்தது, அது போதாது என்று 2.16.0, பிறகு 2.17.0, வருஷம் முடிவதற்குள் 2.17.1. ஒவ்வொரு தடவையும் எண்ணை மாற்றி, மறுபடி மரத்தைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தக் கருவியை அளவுக்கு மீறி நம்பக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்குப் பழக்கமான தலைவலி ஒன்று உண்டு. பெரிய மராமத்துக்கு வரும் கோச்சின் சக்கரத் தொகுதியைக் கழற்றி, வேறு கோச்சுக்குப் போட்டுவிடுவோம். பதிவு ஒழுங்காக இல்லையென்றால், காகிதத்தில் ஒரு ஆக்சில், வண்டிக்கடியில் வேறு ஆக்சில். கடைசியில் ஆக்சில் பாக்ஸின் முன் மூடியைத் திறந்து, ஆக்சில் முகத்தில் அடித்திருக்கும் எண்ணை டார்ச் அடித்துப் படித்தால்தான் உண்மை தெரியும்.

மேவனின் மரமும் காகிதம்தான். அது காட்டுவது இன்றைய ஃபைலில் உள்ள நிலை. சர்வரில் ஓடிக்கொண்டிருப்பது ஆறு மாதத்துக்கு முன் கட்டிய பிரதியாக இருக்கலாம். தவிர, சிலர் அடுத்தவர் லைப்ரரியை அப்படியே பிரித்து எடுத்துத் தங்களுடையதற்குள் கலந்து, ஒரே பொட்டலமாகக் கட்டி வெளியிடுகிறார்கள். ஷேடிங் என்று பெயர். இட்லி மாவில் கலந்த வெந்தயம் போல, தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. மரத்திலும் பெயர் வராது. வெளியில் விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேருக்கு மரம் போடவே வழியில்லை. விற்றவர் சொன்னால்தான் உண்டு. இதையெல்லாம் பிடிக்க, கட்டி முடித்த பொட்டலத்தையே திறந்து தேடும் வேறு கருவிகள் வேண்டும். டார்ச் அடித்துப் பார்ப்பது போலத்தான்.

மற்ற மொழிகளிலும் இதே கேள்விக்குக் கட்டளைகள் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு 'என்பிஎம் எக்ஸ்பிளெய்ன்'. கோ மொழியில் 'கோ மாட் ஒய்', அதாவது ஏன் என்றே கேட்பது. ரஸ்ட் மொழியில் 'கார்கோ ட்ரீ'. அதை இலையிலிருந்து வேர் நோக்கித் தலைகீழாகவும் போடலாம். ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் 2016 மார்ச் 22-ஆம் தேதி நடந்தது வேடிக்கையும் வேதனையும் கலந்தது. அஸெர் கொச்சுலு என்பவர், பெயர் குறித்த ஒரு தகராறில் கோபித்துக்கொண்டு, தான் பொதுவில் வைத்திருந்த லைப்ரரிகளையெல்லாம் என்பிஎம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று 'லெஃப்ட் பேட்'. பதினோரு வரிதான், ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி விட்டு நீளத்தைச் சரிசெய்யும் வேலை. அதைக் காணோம் என்றதும் உலகம் முழுவதும் பெரிய பெரிய புரோகிராம்களைக் கட்டும் வேலை நின்றது. நின்றுபோனவர்களில் பலர் அந்தப் பெயரையே அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் என்பிஎம் நிறுவனமே அதைத் திரும்ப வைத்தது.

2024 மார்ச் 29-ஆம் தேதி வெளியான எக்ஸ்ஸெட் விவகாரம் இதைவிட மோசம். லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் வாயில்காப்போன் புரோகிராமுக்கு, ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் லைப்ரரியோடு எந்த வேலையும் கிடையாது. ஆனால் சில லினக்ஸ் வகைகளில் வாயில்காப்போனுடன் சிஸ்டம்டி லைப்ரரியை இணைத்திருந்தார்கள். அது எக்ஸ்ஸெட்டை அழைத்து வந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கை பெற்ற ஒரு பராமரிப்பாளர், அதில் கள்ளக் கதவு வைத்துவிட்டார். நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற எஞ்சினியர் கண்டுபிடித்தார். மரம் போட்டால் அந்த உறவு தெரிந்திருக்கும். அந்த ஆளின் எண்ணம் தெரிந்திருக்காது.

அரசாங்கங்களும் இப்போது விழித்துக்கொண்டிருக்கின்றன. நம் மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2024 அக்டோபரில் 'சாஃப்ட்வேர் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பற்றி வழிகாட்டுக் குறிப்புகள் வெளியிட்டது. சாஃப்ட்வேருக்குள் என்னென்ன பாகங்கள், யாருடையவை, என்ன வெர்ஷன் என்ற பட்டியல். ஒர்க்‌ஷாப்பில் பில் ஆஃப் மெட்டீரியல் இல்லாமல் ஒரு ஸ்டூல்கூடச் செய்ய விட மாட்டார்கள். இவர்கள் இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

அன்றிரவுக்கு வருகிறேன். 214 வரியிலும் தேடியதில் லாக்4ஜே கோர் ஓர் இடத்தில் கிடைத்தது. மூன்றாவது தலைமுறை, பாதிக்கப்பட்ட வெர்ஷன். அழைத்து வந்தது, எக்செல் அறிக்கை தயாரிப்பதற்காகச் சேர்த்திருந்த ஒரு லைப்ரரி. "இந்த ரிப்போர்ட் யாருக்குடா?" என்று கேட்டேன். தேடிப் பார்த்தான். அந்த அறிக்கையை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள். சேர்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். லைப்ரரி மட்டும் சொல்லிக்கொள்ளாமல் உள்ளேயே இருந்திருக்கிறது.

அந்த ஒரு பெயரை ஃபைலிலிருந்து எடுத்தான். கட்டளையை மறுபடி அடித்தான். 187 வரி.

"முடிஞ்சுதா?"

"இது முடிஞ்சுதுப்பா. இன்னும் ஆறு புரோகிராம் இருக்கு."

மணி இரண்டரை. நான் காப்பி போடப் போனேன்.